அழகாபுரத்து வீட்டில் ஓர் இரைச்சல்

சேலம் அழகாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஹோம் தியேட்டரைப் பொருத்திய முதல் வாரம் முழுவதும், படம் ஓடாத நேரத்திலும் சப்வூஃபரிலிருந்து (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ‘ஊம்’ என்ற இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் ரிசீவருக்குச் சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஆர்சிஏ ஒயரை இழுத்திருந்தேன். அது மட்டமான சரக்கோ என்று எண்ணி விலை கூடியதை வாங்கி மாற்றியும் இரைச்சல் இம்மியளவும் குறையவில்லை. தூசி துடைப்பதற்காகக் கேபிள் டிவி ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிய நொடியில் அது சட்டென்று அடங்கிவிட்டது.

கேபிள் டிவி ஒயரின் உலோக உறை தெருவில் எங்கோ ஓரிடத்தில் எர்த் ஆகிறது; சப்வூஃபரோ தன் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆர்சிஏ ஒயரின் உறை வழியே மின்னோட்டமாகப் பாய்ந்து, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸையும் ஒலியோடு கலந்துவிடுகிறது. ஒயரின் விலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆகவே செட்டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிக்கல் கேபிள் போட்டேன். 1983இல் தோஷிபா கொண்டுவந்த இந்த இணைப்பில் ஒலி வெளிச்சமாகவே செல்கிறது. முனைக்கு முனை உலோகம் தொடுவதில்லை என்பதால் இரைச்சலுக்கு வழியில்லை. (முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்து, சத்தமே வரவில்லை என்று அரை மணி நேரம் நான் திண்டாடியதும் உண்டு.) ஆனால் அதன் கொள்ளளவு குறைவு. இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி), அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வரைதான் அது தாங்கும். ப்ளூ-ரே வட்டிலுள்ள, தரம் இழக்காத டால்பி ட்ரூஹெச்டி போன்ற ஒலி வடிவங்களுக்கு ஹெச்டிஎம்ஐயே வேண்டும். போதாக்குறைக்கு, பல டிவிகள் தமக்கு வரும் 5.1 ஒலியை ஆப்டிக்கல் வழியில் இரண்டு சேனலாகச் சுருக்கியே வெளியே விடுகின்றன.

எனவே ப்ளூ-ரே பிளேயரை நேரே ரிசீவருக்கும், ரிசீவரை டிவிக்கும் ஹெச்டிஎம்ஐயால் இணைத்தேன். உலோகம் மீண்டும் தொட்டது. இரைச்சலும் மெல்லத் தலைகாட்டியது. டிஜிட்டல் என்று பெயர் வைத்துவிட்டால் எர்த் கோளாறு தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு அது நல்ல பாடம். கேபிள் டிவி ஒயர் நுழையும் இடத்தில் உலோகத் தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் விடும் சிறிய ஐசோலேட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகே முழு அமைதி கிடைத்தது.

ஆனாலும் ஒலியை எண்களாக்காமல் மின்னலையாகவே கொண்டுசெல்லும் ஆர்சிஏ போன்ற அனலாக் இணைப்பை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இசைத்தட்டிலிருந்து எழும் ஒலி பிறப்பிலேயே அனலாக். அதற்கு ரிசீவரில் இசைத்தட்டுக் கருவிக்கென உள்ள ஃபோனோ முனையே உரியது. டிஜிட்டல் ஒலியோ எங்காவது ஓரிடத்தில் அனலாகாக மாறித்தான் ஸ்பீக்கரை எட்ட வேண்டும். அந்த மாற்றத்தைப் பிளேயர் செய்கிறதா, ரிசீவர் செய்கிறதா, இரண்டில் எது நன்றாகச் செய்கிறது என்பதைப் பார்த்தே நான் கேபிளைத் தேர்ந்தெடுக்கிறேன். அனலாக் வழியாக வாங்கும் ஒலியைப் பல ரிசீவர்கள் உள்ளே மறுபடியும் டிஜிட்டலாக்குகின்றன. அங்கே நல்ல பிளேயருக்குக் கொடுத்த பணம் ஓரளவு வீண்தான்.

ஏற்காட்டில் இருக்கும் மைத்துனரிடம் ஹெச்டிஎம்ஐ காலத்துக்கு முந்தைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று உள்ளது. அதன் பின்புறம் ஆறு ஆர்சிஏ முனைகள் இருப்பதால், 5.1 அனலாக் வெளியீடு உள்ள பழைய பிளேயரையே அவருக்குத் தேடித் தந்தேன். மலை ஈரத்தில் முனைகள் பச்சை பூத்திருந்தன. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தோம். இத்தகைய இணைப்பில் ஸ்பீக்கர்களின் தூரக் கணக்கையும் சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியைப் பிரித்தனுப்புவதையும் ஆம்ப்ளிஃபையர் கவனிக்காது என்பதால், அவர் டேப்பின் ஒரு முனையைச் சோபாவில் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்து பிளேயரின் மெனுவில் பதிந்தேன்.