மூன்றாவது பெஞ்சு

லுங்கியோடு ஆராதனையில் கலந்துகொண்ட காலம் எனக்கு ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, பிள்ளைகள் ஓலையும் கையுமாகத் தெருவைச் சுற்றி வராத குருத்தோலை ஞாயிறு அது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் யூடியூபில் ஆராதனை பார்க்க ஆரம்பித்தோம். முதல் சில வாரம் எல்லோரும் குளித்து, நான் வெள்ளைச் சட்டை போட்டு, டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம், எழுந்து நிற்கவேண்டிய இடத்தில் ஒழுங்காக எழுந்தும் நின்றோம். அப்புறம் சோபா. அப்புறம் லுங்கி. பாவ அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுக்களைக்குப் போய் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவேன். பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடலாம் என்று கண்டுபிடித்த அன்று உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். கடைசியில் 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று ஆகி, சாயங்காலம் யார் பார்த்தது?

செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஆலயங்கள் திறந்தாயிற்று. நான் போகவில்லை. இரண்டாவது அலையில் மூடி மறுபடி திறந்தபோதும் போகவில்லை. ஒரு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம், இதைத் தவிர 2022 கிறிஸ்துமஸ் வரைக்கும் தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துப் படியை மிதிக்கவில்லை. கோபமும் இல்லை, விசுவாசமும் போய்விடவில்லை. சும்மா விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அங்கே ஞாயிறு காலையில் ஊரையே எழுப்புவது கோயில் மணி. முதல் மணிக்குக் குளிக்கணும், இரண்டாம் மணிக்குத் தலை சீவியிருக்கணும், மூன்றாம் மணிக்குள் உள்ளே இருக்கணும். அம்மா தினமும் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பாள், அது காணிக்கைக்கு. ஓய்வுநாள் பள்ளியில் வருஷம் முழுக்கத் தவறாமல் வந்தால் ஆண்டுவிழாவில் பரிசு. ஒரு வருஷம் நூறு டிகிரி காய்ச்சலோடு போய் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். இயேசுவுக்காகப் போனேனா டிபன் பாக்ஸுக்காகப் போனேனா என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்குப் புத்தி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது: போனால் எனக்கு என்ன கிடைக்கும்? நல்ல பிரசங்கம் கிடைக்கும் என்றால் அது யூடியூபில் இதைவிட நல்லதாகவே கிடைக்கிறதே.

நான் வழக்கமாக உட்காருவது இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு. பக்கத்தில் ஒரு தாத்தா, ரிட்டயர்டு வாத்தியார், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கண்பார்வை ரொம்பக் குறைந்துபோனவர். சுவரில் மாட்டியிருக்கும் பாட்டு நம்பர் அவருக்குத் தெரியாது. முதல் நாள் நான் நம்பரைச் சொன்னதும், "நம்பர் எதுக்கு தம்பி, முதல் வரியைச் சொல்லுங்க போதும்" என்றார். முதல் வரியைக் காதில் சொன்னால் போதும், பாமாலைப் பாட்டோ கீர்த்தனையோ, கடைசிச் சரணம் வரைக்கும் புத்தகமே இல்லாமல் பாடுவார். ஒரு ஞாயிற்றுக்கு நாலு பாட்டு, நாலு வரி. அஞ்சாறு வருஷம் என் வேலை அதுதான், ஆனால் அதை ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை.

2022 கிறிஸ்துமஸுக்குப் போனபோது அவர் இல்லை. ஆகஸ்டிலேயே அடக்கம் ஆகிவிட்டதாம். ஆலயம் திறந்ததிலிருந்து முடிந்தமட்டும் வந்துகொண்டிருந்தாராம், அதே மூன்றாவது பெஞ்சு. அவர் மருமகள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், குற்றம் சொல்லவே இல்லை. முதல் வரியை யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சபைக்குப் போகாதவர்களிடம் எல்லோரும் எடுத்துக் காட்டும் வசனம் எபிரெயர் 10:25, 'சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல'. எனக்கும் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு தடவை. அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதின காலத்திலேயே சிலர் விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் அனுப்புவதில்லை. அங்கே 'ஒருவரையொருவர் கவனித்து' என்று இருக்கிறது. நீ போய் எதையாவது வாங்கிக்கொண்டு வா என்று அங்கே சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைக் கவனி என்கிறது, அதை ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எப்படிச் செய்வது?

அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் சிஎஸ்ஐ நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. 1947-இல் பல சபைகள் சேர்ந்து இந்தத் திருச்சபை ஒன்றானது, 1950-இல் புதிய ஆராதனை முறை வந்தது, அதில் கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பார்த்து இதைச் சேர்த்தார்கள். ஐயர், அதாவது போதகர், கையிலிருந்து தொடங்கி, ஒருவர் கையோடு அடுத்தவர் கை சேர்த்து, பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரவேண்டும். இன்றைக்குப் பல இடங்களில் திரும்பி ஒரு வணக்கம் போட்டு முடித்துக்கொள்கிறோம், அது வேறு விஷயம். யூடியூபில் அந்தப் பகுதி வரும்போது நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சரி, சபை ஒன்றும் பரலோகம் இல்லை. சபைத் தேர்தல் வந்தால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு அணியாகிவிடுகிறார்கள், ஒரு அணி மற்ற அணியைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போகணும் என்று என் தம்பி கேட்கிறான், நியாயமான கேள்வி. எனக்கு லூக்கா சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரம் ஞாபகம் வருகிறது. இயேசு 'தம்முடைய வழக்கத்தின்படியே' ஓய்வுநாளில் நாசரேத்து ஜெபஆலயத்துக்குப் போனார் என்று இருக்கிறது. வழக்கத்தின்படியே! அதே ஜெபஆலயத்தில் இருந்தவர்கள்தான் அன்றைக்கே அவரை மலைச் சிகரம் வரை கொண்டுபோய்த் தலைகீழாகத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அந்த மாதிரி ஆட்களோடுதான் அவர் வாராவாரம் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சபையில் இதுவரைக்கும் யாரையும் மலையிலிருந்து தள்ளவில்லை.

பிரசங்கம் போரடிக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, சில நாள் போரடிக்கத்தான் செய்கிறது. அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசியதில் ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தே விட்டான். பவுலுக்கே அந்தக் கதி.

வர முடியாதவர்கள் கதை வேறு. ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸ், படுக்கையில் கிடக்கும் பாட்டி, இவர்களுக்கு யூடியூப் வரப்பிரசாதம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று ரோமப் பேரரசனுக்கு விளக்கி எழுதியிருக்கிறார்: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சரசமும், காணிக்கை. அதற்கு நடுவில் ஒரு விஷயம் சொல்கிறார், வராதவர்களுக்கு உரிய பங்கை உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அப்படியென்றால் யார் வரவில்லை என்று அங்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் ஐயர் நற்கருணையை எடுத்துக்கொண்டு நோயாளிகள் வீட்டுக்குப் போகிறார், ஆனால் நான் நோயாளியும் இல்லை, எங்கள் வீடு ஆலயத்திலிருந்து எட்டு நிமிஷ நடை.

இப்போது போகிறேன். தவறாமல் என்று சொல்ல முடியாது, மாதத்தில் மூன்று ஞாயிறு நிச்சயம். பெரும்பாலும் முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதுதான் நுழைகிறேன், மூன்றாவது பெஞ்சுக்கு முன்பக்கம் வழியாகப் போகவேண்டியிருப்பதால் மொத்தச் சபையும் பார்க்கிறது. என் மகள் ஓய்வுநாள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இந்த வருஷமும் வருகைக்குப் பரிசு உண்டு, இப்போதெல்லாம் டிபன் பாக்ஸ் இல்லையாம், தண்ணீர் பாட்டில். போன மாதம் ஊர்க் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனதில் அவளுக்கு ஒரு ஞாயிறு கணக்கில் விழுந்துவிட்டது. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.