சோறு முதலில், காசு அப்புறம்

ஃபின்லாந்து வந்த புதிதில் மகளுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து பள்ளிக்கு அனுப்பினேன். டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. "இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே சாப்பாடு" என்றார் டீச்சர், சிரித்தபடி. எனக்குச் சுருக்கென்றது. காலையில் டப்பா கட்டாத அம்மாவும் ஓர் அம்மாவா?

ஒருநாள் அந்தச் சாப்பாட்டுக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். வாசலில் மாதிரித் தட்டு ஒன்று: பாதி காய்கறி, கால்பங்கு உருளைக்கிழங்கு, கால்பங்கு மீன், பக்கத்தில் பால். டாக்டர் பிள்ளையும் பஸ் டிரைவர் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்குச் சட்டம் வந்தது 1943-ல். 1948-லிருந்து நாடு முழுக்க இலவசம். அப்போது இவர்கள் இருந்த நிலைதான் என்னை மலைக்க வைத்தது. சோவியத்துடன் நடந்த போரில் தோற்று, கிழக்கு எல்லையில் இருந்த கரேலியா பகுதியை இழந்து, அங்கிருந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு, நிலம் தேடிக்கொண்டிருந்தார்கள். சோவியத்துக்கு 1952 வரை போர் இழப்பீடு வேறு. பள்ளிச் சமையலுக்குப் பிள்ளைகளே பெர்ரி பறித்து, காய் வளர்த்துக் கொடுத்த காலம் அது. கையில் காசு சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. சமூகச் செலவு வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை அல்ல, எளியவர் கையில் பணம் புரண்டால் உற்பத்தியும் பெருகும் என்று இந்நாட்டுச் சமூகக் கொள்கை ஆய்வாளர் பெக்கா கூஸி 1961-ல் வாதாடினார். 1973-ல் குழந்தைப் பராமரிப்புச் சட்டமும் வந்தது. நான் எட்டு மணிக்கு ஆபீஸில் உட்கார முடிவதே இவற்றால்தான். சம்பளத்தில் பிடிக்கிற வரியைப் பார்த்து வயிறு எரிவது தனி.

குடும்ப வாட்ஸப்பிலோ, "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்தார்கள்" என்று பெரிய மாமா வாரம் தவறாமல் ஃபார்வர்டு செய்கிறார். 1956-ல் காமராசர் தொடங்கிய மதிய உணவில் படித்து, அரசு வேலைக்குப் போய், பென்ஷன் வாங்கும் மாமா! எடுத்துச் சொன்னால், "அது வேற, இது வேற" என்கிறார்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. இருட்டு, பனி எல்லாம் சரிதான். ஆனால் மதியம் பன்னிரண்டானால், எங்கள் சத்துணவுக்கூடத்தில் ஆயா அண்டாவின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியும், முட்டை நாளில் வரிசையில் முன்னால் போக நாங்கள் போடும் சண்டையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. தட்டை நீட்டினால் ஆயா பெயர் சொல்லித்தான் போடுவார்.

இங்கே வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். மகள் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொள்கிறாளாம். வீட்டில் நான் பருப்பு கடைந்து வைத்தால் மட்டும் முகத்தைத் திருப்புகிறாள்.