பைத்தான் 3.6 சப்போர்ட்டை தூக்கினப்போ நான் போட்ட ரெண்டு வரி

“3.6 போன டிசம்பரோட முடிஞ்சுபோச்சு. அப்கிரேடு பண்ணிக்கோங்க.” என் லைப்ரரியோட புது ரிலீஸ் பைத்தான் 3.6-ல ஓடலைன்னு ஒருத்தர் இஷ்யூ (புகார்) போட்டிருந்தார், அவருக்கு இவ்வளவுதான் எழுதினேன், எழுதின கையோட இஷ்யூவையும் க்ளோஸ் பண்ணிட்டேன். நாலு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. பைத்தான் 3.6-க்கு 2021 டிசம்பரோட பேட்ச் வர்றது நின்னுபோச்சு, நான் தூக்கினது 2022-ல. லைப்ரரியை பாத்துக்கறது நான் ஒரே ஆளு, அதுவும் ஆபீஸ் வேலை முடிச்சிட்டு ராத்திரில. 3.6-க்காகவே டேட்டாகிளாஸஸ் பேக்போர்ட்டை (3.7-ல வந்த வசதியை 3.6-ல ஓட வைக்கிற பேக்கேஜ்) கூடவே இழுத்துட்டு திரியணும், டெஸ்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ் ஒவ்வொண்ணா 3.6-ஐ கைவிட கைவிட சிஐல (கோட் மாறினா தானா டெஸ்ட் ஓட்டுற சிஸ்டம்) அந்த ஒரு ஜாப் மட்டும் சிவப்பா நிக்கும். நம்பை (கணக்கு போடுற பைத்தான் லைப்ரரி) மாதிரி பெரிய ப்ராஜெக்ட்ல, ஒரு பைத்தான் வெளிவந்து 42 மாசம் வரைக்கும்தான்னு அப்போ கணக்கே எழுதி வெச்சிருந்தாங்க, அதுப்படி பாத்தா 3.6 2020 ஜூன்லயே போயிருக்கணும். நான் அதுக்கு மேல ஒன்றரை வருஷம் சுமந்திருக்கேன்ல?

அவர் திரும்ப எழுதினார்: “எங்க சர்வர் ஓடுறது ரெட் ஹாட் 8 லினக்ஸ்ல. அதோட வர்றதே 3.6 தான், 2029 வரைக்கும் ரெட் ஹாட் கம்பெனியே பாத்துக்கறாங்க. நீங்க எடுத்தது எத்தனை லைன்?”

போய் எண்ணினேன். 11.

அதே ரெட் ஹாட் 8-ல 3.9-ஐ தனியா போட்டுக்கலாமேன்னு டைப் பண்ணேன், அவருக்கு அந்த மெஷின்ல பர்மிஷனே இருக்காதோன்னு தோணி அழிச்சேன். 2029 வரைக்கும் பாத்துக்கறவங்க காசு வாங்கிட்டு பாத்துக்கறாங்கன்னு டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன். கடைசில ஒண்ணுமே போடலை.

இதுல யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. கோட்ல 3.6-ஐ எடுத்தேனே தவிர, பேக்கேஜ்ல குறைஞ்சபட்சம் எந்த பைத்தான் வேணும்னு சொல்ற ரிக்வயர்ஸ் லைனை 3.7-ன்னு மாத்த மறந்துட்டேன். மாத்தியிருந்தா பிப் (பேக்கேஜை இறக்குற டூல்) தானாவே பழைய ரிலீஸை எடுத்துக் குடுத்திருக்கும், அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மாத்தாததால புதுசு இறங்கி, 3.6-க்கு தெரியாத, ஃப்யூச்சர்ல இருந்து அனோடேஷன்ஸ் இம்போர்ட் பண்ற முதல் லைன்லயே சின்டாக்ஸ் எரர். அப்போ அவர் மாட்டினது என் முடிவால இல்லை, என் மறதியால. அன்னிக்கு ராத்திரியே அந்த ரிலீஸை யேங்க் பண்ணிட்டு (பிப் தானா எடுக்காதபடி விலக்கிட்டு) சரி பண்ணினதை விட்டேன், ஆனா இஷ்யூல சாரின்னு ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்டதும் லைன் கணக்கு, நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன், வசதியா போச்சு.

சரி, ஒழுங்கா மாத்தியிருந்தா மட்டும்? சத்தமே இல்லாம பழைய ரிலீஸ்லயே உக்காந்திருப்பார், நாளைக்கு ஒரு செக்யூரிட்டி ஓட்டை வந்தா அடைச்சது அவருக்கு போகவே போகாது, போகலைன்னும் தெரியாது. உடைஞ்சதால தானே தெரிஞ்சுது? இப்படியும் யோசிச்சு பாத்துட்டேன், பூட்டு சரியில்லைன்னு காட்டத்தான் உள்ள வந்தேன்னு திருடன் சொல்ற மாதிரி இருக்கு.

இப்போ 3.9-உம் 2025 அக்டோபரோட முடிஞ்சுது. அதோட சப்போர்ட்டை எடுக்குற பிஆர் (கோட் மாற்றக் கோரிக்கை) மூணு வாரமா ஓப்பன்ல இருக்கு, சிஐ எல்லாம் பச்சை. ரிக்வயர்ஸ் லைனை மட்டும் நாலு தடவை பாத்துட்டேன், இன்னும் மெயின் கோட்ல மெர்ஜ் பண்ணலை.