அரை மணி நேர வேலை என்றார்கள், ஏழு வாரம் ஆனது

"கனெக்டர் நிறுவுதல்: ஐந்து படிகள், முப்பது நிமிடம்" என்று கையேட்டில் போட்டிருந்தது. பொய் இல்லை. நிறுவ அரை மணி நேரம்தான் ஆனது. மீதி ஏழு வாரமும் எங்கே போனது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே வேலை யார் தலையிலாவது விழுந்தால் அவர்களுக்கு நான்கைந்து நாளாவது மிச்சமாகட்டும்.

அமைப்பு வழக்கமானதுதான். ஊழியர் விவரங்கள் எஸ்ஏபி ஹெச்ஆர் என்ற மனிதவள மென்பொருளில், கணினிக் கணக்குகள் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில், நடுவில் புதிதாக வாங்கிய அடையாள மேலாண்மை மென்பொருள். அதன் பெயர் வேண்டாம். அது மற்ற இரண்டோடும் பேச உதவும் இணைப்பு நிரல்தான் கனெக்டர். ஹெச்ஆரில் ஆள் சேர்ந்தால் கணக்கு தானாகப் பிறக்க வேண்டும், விலகினால் தானாக மூட வேண்டும். மென்பொருள் நிறுவுவது, டேட்டாபேஸ் அமைப்பது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் இடறல் ஜேகோ. எஸ்ஏபியோடு பேச இந்த ஜாவா லைப்ரரி வேண்டும். உரிமக் காரணத்தால் கனெக்டரோடு சேர்த்துத் தரமாட்டார்கள். எஸ்-யூசர் என்ற எஸ்ஏபி வாடிக்கையாளர் கணக்கு வைத்திருப்பவர்தான் எஸ்ஏபியின் தளத்திலிருந்து இறக்க முடியும். எஸ்ஏபியைப் பராமரிக்கும் எங்கள் பேசிஸ் குழுவில் அது ஒரே ஒருவரிடம் இருந்தது, அவர் விடுப்பில் இருந்தார். நான்கு நாள் போயிற்று. வந்ததும் இறக்கிக் கொடுத்தார். ஜார் என்ற ஜாவா கோப்பு ஒன்று, அதோடு சேர்ந்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கென்றே ஆன நேட்டிவ் லைப்ரரி ஒன்று. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் புதுப்பித்தால் வம்பு.

இங்கே தப்பு என்னுடையது. எந்தக் கோப்பையும் பதிப்பு எண்ணோடு சேமிப்பது எங்கள் குழுவின் பழக்கம். ஜேகோ ஜாரின் பெயரிலும் எண்ணைச் சேர்த்துவிட்டேன். திரையில் "இணைப்பு தோல்வி" என்ற இரண்டு சொல்தான் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பாஸ்வேர்டையும் சர்வர் பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், மென்பொருள் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாகைத் திறந்தால், அந்த ஜாரின் பெயரை மாற்றக்கூடாது, பிரித்துக் கட்டவும் கூடாது என்று ஜேகோவே பச்சையாகச் சொல்லியிருந்தது. பழைய பெயரை வைத்ததும் அந்தப் பிழை போயிற்று. அன்றிலிருந்து திரையில் வருவதை நான் நம்புவதில்லை, நேராக லாகுக்குத்தான் போகிறேன்.

அடுத்து போர்ட், அதாவது சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட கதவு. ஃபயர்வாலில் எதைத் திறக்க வேண்டும் என்று பேசிஸ்காரரிடம் கேட்டேன். "3200தான் சார், நாங்க எல்லாரும் அதுலதான் வர்றோம்" என்றார். அவர் சொன்னது ஆட்கள் பயன்படுத்தும் திரையான எஸ்ஏபி குயிக்கு (GUI). அதற்கு 3200 சரிதான். ஆனால் கனெக்டர் வருவது நிரலும் நிரலும் பேசும் ஆர்எஃப்சி வழியாக, அது எஸ்ஏபியின் கேட்வே என்ற வாசலின் கதவைத் தட்டும். இன்ஸ்டன்ஸ் எண், அதாவது ஓடும் எஸ்ஏபி நிறுவலின் எண், 00 என்றால் அது 3300. எனக்கும் அப்போது தெரியாது. படிவம் நிரப்பி, மேலாளர் ஒப்புதல் வாங்கி, வாரம் ஒரு முறை கூடும் மாற்றக் குழுவில் வைத்து, 3200 திறந்தார்கள். கனெக்டர் அசையவில்லை. நெட்வொர்க் ஆள், "நீங்க கேட்டதத் திறந்துட்டோம், டிக்கெட் க்ளோஸ்" என்று முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டது நான். திரும்பப் படிவம், திரும்ப ஒப்புதல், திரும்ப ஒரு வாரம். பல சர்வர்களுக்கு வேலையைப் பகிர்ந்துவிடும் லோட் பேலன்சிங் வழியாகப் போகிறவர்கள், எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மெசேஜ் சர்வரின் போர்ட்டையும் முதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அது 36இல் தொடங்கும்.

ஆக்டிவ் டைரக்டரி பக்கம் சுலபமாகப் போகும் என்று நினைத்தேன். 389 போர்ட்டில் இணைத்ததும் எல்லாம் படித்தது. சந்தோஷமாக ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கப் போனால் பிழை எண் 53, "வில் நாட் பெர்ஃபார்ம்". செய்யமாட்டேன், அவ்வளவுதான். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நிமிர்ந்தே பார்க்காமல் சொல்கிற ஆள் மாதிரி. காரணம் எளிது: மறையாக்கம் இல்லாத இணைப்பில் பாஸ்வேர்டு வைக்க ஆக்டிவ் டைரக்டரி விடாது. மறையாக்கம் உள்ள 636க்கு மாற வேண்டும். மாறினால் சான்றிதழ் பிரச்சினை: எதிரே உள்ள சர்வரின் சான்றிதழை ஜாவா நம்ப மறுத்தது. ஜாவா உலகத்தில் அடிபட்டவர்களுக்கு "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்ற வரியைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

சான்றிதழை வாங்கி, கீடூல் என்ற கருவி கொண்டு ஜாவாவின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தேன். அதே பிழை. அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். அதே பிழை. மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன், லாக் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "சான்றிதழைச் சேர்க்கவும்" என்று பதில். சேர்த்துவிட்டேன் என்று எழுதினேன். "சரியாகச் சேர்க்கவும்" என்று பதில் வந்தது, டிக்கெட்டும் மூடப்பட்டது.

விடை ஒரு ராத்திரி தற்செயலாகக் கிடைத்தது. வேறு எதற்கோ ஓடும் ப்ராசஸ்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனெக்டர் சர்வரின் ஜாவா வேறு ஒரு ஃபோல்டரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் தனக்கென்று ஒரு ஜாவாவைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது! நான் சேர்த்ததெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஜாவாவில். சரியானதில் சேர்த்து, ஐபி முகவரிக்குப் பதிலாகச் சான்றிதழில் உள்ள முழுப் பெயரைக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். பச்சை விளக்கு. அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ள ஒருவரும் பக்கத்தில் இல்லை என்பதுதான் ஒரே வருத்தம். ஒன்றைக் குறித்து வையுங்கள்: மென்பொருளைப் பதிப்பு உயர்த்தும்போது அந்த ஜாவாவும் மாறும், சான்றிதழ் காணாமல் போகும்.

டெஸ்ட் சூழலில் எல்லாம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை. அங்கே கனெக்டரின் எஸ்ஏபி பயனருக்குப் பேசிஸ் குழு 'எஸ்ஏபி ஆல்' கொடுத்துவைத்திருந்தது, அதாவது சகல அதிகாரமும். நிஜமாகப் பயன்படும் ப்ரொடக்ஷனில் பாதுகாப்புக் குழு அதற்கு ஒப்புமா? ஒப்பவில்லை, அது நியாயமும்கூட. மெலிந்த ரோல் ஒன்று கொடுத்தார்கள். முதல் அழைப்பே தோற்றது. என்ன குறைகிறது என்று பார்த்துக் கேட்டேன், கொடுத்தார்கள், அடுத்த அழைப்பு தோற்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட், இரண்டு நாள். ஐந்தாவதில் பேசிஸ்காரரே பரிதாபப்பட்டு, "சார், டெஸ்ட்ல ட்ரேஸ் போட்டு எல்லா வேலையையும் ஒரு தடவ ஓட்டுங்க, என்னென்ன தேவைன்னு மொத்தமா வந்துடும்" என்றார். எஸ்டி01 ட்ரேஸ் என்று பெயர், எந்தெந்த அதிகாரம் கேட்கப்படுகிறது என்று பதிவு செய்யும் எஸ்ஏபி வசதி. ஒரே மதியத்தில் முழுப் பட்டியலும் வந்துவிட்டது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை. 3200 விஷயம் வேறு ஞாபகத்துக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் அலைச்சல்தான். பயந்தது இனிமேல்தான்.

ஹெச்ஆரில் உள்ள ஆட்களையும் டைரக்டரியில் உள்ள கணக்குகளையும் பொருத்திப் பார்க்கும் முதல் முழு ஒப்பீட்டை ஓட்டும் நாள். மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஆலோசகர் அழைப்பில் இருந்தார். "சிமுலேஷன் எல்லாம் எதுக்கு சார், நேரா ஓட்டிடலாம், டிஃபால்ட் ரூல் நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் கொஞ்சம் பயந்த சுபாவம். எதையும் மாற்றாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்தான் முதலில் என்று பிடிவாதமாக நின்றேன்.

முதல் ஓட்டத்தில் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து வந்த கணக்குகள் சரியாக 1000. எங்களிடம் மூவாயிரத்துக்கு மேல் ஆட்கள். இவ்வளவு உருண்டையான எண் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு தேடலுக்கு ஆக்டிவ் டைரக்டரி இயல்பாகத் தருவது 1000 பதிவுகள், மிச்சத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். கனெக்டரில் அந்தப் பேஜிங் அமைப்பு அணைந்திருந்தது. போட்டேன், எல்லாரும் வந்தார்கள்.

இரண்டாவது ஓட்டத்தின் முடிவு: புதிதாக உருவாக்க வேண்டியவை மூவாயிரத்துச் சொச்சம், உரியவர் இல்லாததால் முடக்க வேண்டியவை மூவாயிரத்துச் சொச்சம். நேராக ஓட்டியிருந்தால் மறுநாள் காலையில் ஒருவராலும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. பழைய கணக்கின் பெயர் ஏற்கெனவே இருப்பதால், எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு 1 ஒட்டிய புதுக் கணக்கு காத்திருக்கும். அழைப்பில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

காரணம் பூஜ்யம். எஸ்ஏபியில் பணியாளர் எண் எட்டு இலக்கம், 00012345 என்று இருக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் அதே எண்ணை எப்போதோ ஒருவர் எக்செல் வழியாக ஏற்றியிருக்கிறார். முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிட்டது, அங்கே 12345தான் இருந்தது. கண்ணுக்கு ஒன்றுதான். எழுத்தாக ஒப்பிடும் கனெக்டருக்கு இரண்டும் வேறு ஆள்.

ஒப்பீட்டு விதியிலேயே பூஜ்யம் சேர்த்துவிடலாம் என்றார் ஆலோசகர். நான் டைரக்டரியில் இருந்த தரவையே திருத்தினேன். விதியில் ஒளித்துவைத்த தந்திரத்தை அடுத்து வருபவர் கண்டுபிடிக்க இன்னொரு ஏழு வாரம் ஆகும். திருத்திய பிறகும் நாற்பது பேர்வரை பொருந்தவில்லை: விலகிப்போய்த் திரும்பச் சேர்ந்ததால் இரண்டு பணியாளர் எண் உள்ளவர்கள், ஒரே எண்ணைப் பகிர்ந்த இரண்டு கணக்குகள். இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது. ஹெச்ஆர் பெண்மணி ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். இந்த மொத்தப் படலத்தில் முகம் சுளிக்காமல் உதவியவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் உச்சவரம்பு ஒன்றும் வைத்தோம். ஒரே ஓட்டத்தில் இருபது கணக்குக்கு மேல் முடக்கச் சொன்னால், எதையும் தொடாமல் நின்று எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நேரலைக்குப் போன இரண்டாவது வாரமே அது பயன்பட்டது. ஹெச்ஆர் பக்கம் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தபோது கனெக்டர் போய், காலிப் பட்டியலை வாங்கிவந்து, எல்லாரும் விலகிவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருந்தது.

ஆனாலும் ஒன்று தப்பிவிட்டது. எஸ்ஏபியில் விலகல் பதிவின் தேதி என்பது ஆள் இல்லாத முதல் நாள். அதில் ஒரு நாள் கழித்துக் கடைசி வேலை நாளைக் கண்டுபிடித்து, கணக்கு முடியும் தேதியாகப் போட்டிருந்தோம். ஆக்டிவ் டைரக்டரியில் அது வெறும் தேதி அல்ல, ஒரு நொடி. நேரம் கொடுக்காததால் நள்ளிரவு 00 மணியாகிவிட்டது. அதாவது கடைசி நாள் பிறக்கும்போதே கணக்கு செத்துவிட்டது. ஓய்வு பெறும் நாளில் பிரிவுச் செய்தி அனுப்ப உட்கார்ந்த ஒரு அம்மாவுக்கு உள்ளே நுழைய முடியவில்லை. கணக்கைத் திறந்துவிட்டு நேரில் போய், "மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன். "ஒரு நாள் முன்னாடியே அனுப்பிட்டீங்களே தம்பி" என்று சிரித்தார். அன்று மாலைக்குள் விதியை மாற்றிவிட்டேன். யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் புலம் உள்ளூர் நேரத்தில் சேமிப்பதில்லை.

இப்போது ஓடுகிறது. ஒரே ஒரு மிச்சம். தேவையில்லாமல் திறந்த 3200ஐ மூடச் சொல்லி டிக்கெட் போட்டேன். மூடுவதற்கும் அதே படிவம், மேலாளர் ஒப்புதல், மாற்றக் குழு. "திறந்ததற்கான வணிகக் காரணம் என்ன?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி நேற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.