எஸ்கியூலைட்டில் சொந்த ஃபங்ஷன்: பைத்தானிலும் நோடிலும் ஒரே விடை வர

ஒரே எஸ்கியூலைட் கோப்பு (முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் இருக்கும்). பைத்தான் ஸ்கிரிப்ட் அதில் தரவை ஏற்றும். நோட் ஜேஎஸ் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் தளம்) செயலி அதையே படித்துத் திருத்தும். தேடலுக்காக எழுத்துகளைச் சீராக்கவும் கழிவு (தள்ளுபடி) தொகையைக் கணக்கிடவும், தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லுக்குள்ளேயே கூப்பிடக்கூடிய இரண்டு ஃபங்ஷன்கள் தேவைப்பட்டன. எஸ்கியூலைட்டின் கூடவே வரும், பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷன் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளை மட்டுமே மாற்றும், அதை நம்ப முடியாது.

பதிவு செய்வது எளிது. எஸ்கியூலைட்டில் ஃபங்ஷன் கோப்பில் தங்காது. கனெக்ஷன் மூடினால் அதுவும் போய்விடும். அதனால் கனெக்ஷன் திறக்கும் இடத்திலேயே பதிவையும் வைத்தேன். பைத்தானில் பெயர், அளவுருக்களின் எண்ணிக்கை, ஃபங்ஷன் மூன்றையும் கொடுக்க வேண்டும். நோடில் பெட்டர்-எஸ்கியூலைட்3 என்ற நூலகம் எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

விடைகளை ஒத்துப்போக வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. முழு எண்ணாக்கும் ஃபங்ஷனான பைத்தானின் ரவுண்ட் 2.5-ஐ 2 ஆக்கும்; ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்ட் 3 ஆக்கும். சரி, -2.5 கொடுத்தால்? இரண்டும் -2 என்கின்றன, எஸ்கியூலைட்டின் ரவுண்டோ -3 என்கிறது! கழிவு ஃபங்ஷனிலிருந்து முழு எண்ணாக்கும் வேலையை எடுத்து எஸ்கியூலைட்டிடமே விட்டேன். உண்மை/பொய் விடையிலும் இதே கதை: பைத்தானின் ட்ரூ 1 ஆகப் போய்ச் சேரும், நோடில் அதுவே பிழை. இரு பக்கமும் 1, 0 என்றே திருப்பச் சொன்னேன்.

எழுத்துச் சீராக்கலில் இரு பக்கமும் என்எஃப்சி (ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறிக்கும் யூனிகோட் வரிசைகளை ஒன்றாக்கும்) வடிவம் உண்டு, அதில் சிக்கல் இல்லை. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கும் பைத்தானின் கேஸ்ஃபோல்ட் மட்டும் ஜெர்மன் ß எழுத்தை இரண்டு எஸ் ஆக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு இணை இல்லை. பைத்தானிலும் (எஸ்கியூலைட்டுடையது அல்ல, பைத்தானின் சொந்த) லோயருக்கே இறங்கி வந்தேன்.

தேடல் வேகத்துக்கு அந்த ஃபங்ஷன் மேலேயே இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) போடலாம். இரு பக்கமும் டிட்டர்மினிஸ்டிக் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) என்று அறிவித்தால் போதும். ஆனால் அப்புறம் எஸ்கியூலைட்டின் கமாண்ட் லைன் கருவியில் அந்த டேபிளில் ஒரு வரி சேர்க்கப் போனால், அங்கே ஃபங்ஷன் இல்லாததால் பிழை வரும். இது எனக்கு ஒத்துவராது. சீராக்கிய எழுத்தைச் சாதாரண நெடுவரிசையில் சேமித்து, அதற்கு இன்டெக்ஸ் போட்டேன்.

இப்போது ஒரே ஜேசான் கோப்பில் உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் இருக்கின்றன. இரு பக்கச் சோதனைகளும் அதையே படிக்கின்றன. அதில் நல் (NULL, அதாவது வெற்று) மதிப்பைக் கட்டாயம் சேருங்கள். ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால், 'பயனர் ஃபங்ஷனில் பிழை' என்ற அளவில்தான் பைத்தான் சொல்லும். பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டும் கால்பேக் ட்ரேஸ்பேக்கை இயக்கினால்தான் எந்த வரி என்று தெரியும்.