ஊட்டிக்குப் போனால் முத்தோரைப் பக்கம் போங்கள்

ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து முத்தோரை பாலாடா சுமார் பத்து கிலோமீட்டர் இருக்கும். அதற்கு ஒரு டாக்ஸிக்காரர் 1,800 ரூபாய் கேட்டார். "சீசன் டைம் சார், திரும்பி காலியா வரணும்" என்றார். ஜூலை மழையில் என்ன சீசன்? எவ்வளவு பேசியும் 1,500க்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேருடைய ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே அவ்வளவு வராது. இப்படிக் கேட்பது அநியாயம், வேறு வார்த்தை இல்லை. சரி, போய்யா என்று பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றதால் வலது தோள் முழுக்க நனைந்தது. காலடியில் யாரோ ஏற்றிய உர மூட்டை. ஆனால் டிக்கெட் சில்லறைக் காசில் முடிந்துவிட்டது.

போகிறவர்களுக்குக் குறிப்பும் வைத்திருக்கிறேன். அது அப்புறம். முதலில் உருளைக்கிழங்கைச் சொல்லிவிடுகிறேன்.

முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. நண்பன் வேளாண்மை படித்தவன். முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தான். தலைமையகம் சிம்லாவில். அதற்குப் பக்கத்தில் குஃப்ரி என்று ஒரு மலையூர். குஃப்ரி ஜோதி, குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று எல்லா ரகத்துக்கும் முன்னால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. உருளைச் செடி நன்றாகப் பூத்துக் காய் பிடிக்க நீண்ட பகலும் குளிரும் வேண்டும். கோடையில் குஃப்ரியில் இரண்டும் கிடைக்கும். அதனால் ஒரு ரகத்தோடு இன்னொரு ரகத்தைக் கலந்து புது ரகம் உருவாக்கும் வேலை அங்கே நடக்கிறது.

உருளைச் செடி காய்க்கும் என்பதே பலருக்குத் தெரியாது. பூ உதிர்ந்தபின் பச்சைத் தக்காளி மாதிரி குட்டிக் காய் தொங்கும் (தின்னக் கூடாது, நஞ்சு). ஒரு பூவின் மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவினால், அந்தக் காய்க்குள் இருக்கும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணத்தோடு முளைக்கும். அப்படி ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, வருஷா வருஷம் கழித்துக்கட்டி, கடைசியில் ஒன்றிரண்டு தேறும். பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கிற வேலை. தேறிய செடியின் கிழங்கை நட்டு நட்டுப் பெருக்கினால் அதுதான் புது ரகம்.

முத்தோரையின் பங்கு என்னவென்றால், தேர்வு வைக்க இதைவிடக் கடுமையான இடம் கிடைப்பது அரிது. ஓயாத ஈரத்தில் இலைகளைக் கருக்கும் லேட் பிளைட் நோய் விடாமல் தாக்குகிறது. மண்ணுக்குள் முட்டைக்கூடு நூற்புழு, வேரில் ஒட்டி உறிஞ்சும் நுண்ணிய புழு. இங்கே பிழைத்த செடிக்கு மரியாதை உண்டு.

அந்த நூற்புழுவை இந்தியாவில் முதலில் கண்டுபிடித்ததே ஊட்டியில்தான், 1961இல். ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டுபிடித்தார். நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் செடியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வேரை உள்ளங்கையில் விரித்தார். "நல்லா பாரு தம்பி." ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் உருண்டைகள் வேரோடு ஒட்டியிருந்தன. அதுதான் முட்டைக்கூடு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டை. உருளை நடாமல் விட்டாலும் 20 வருஷம் வரை மண்ணில் காத்துக் கிடக்கும்.

இதற்கென்றே 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா வந்தது. தென் அமெரிக்கக் காட்டு உருளையிலிருந்து எடுத்த எதிர்ப்புக் குணம். அதன் வேர் வாடைக்குப் புழு முட்டையை விட்டு வெளியே வரும். ஆனால் உணவு கிடைக்காமல் பெண் புழு வளராது. நிலத்தில் புழுவே குறைந்துபோகும். அற்புதமான ஏற்பாடு!

ஆனால் பெரியவர் வைத்திருந்தது குஃப்ரி ஜோதி. "ஸ்வர்ணா கிழங்கு சின்னதா வருது. மண்டியில பெருசுக்குத்தான் விலை" என்றார். 1968இல் வெளியானபோது ஜோதி லேட் பிளைட்டைத் தாங்கியது. இன்று மருந்தடிக்காமல் நிற்காது. சஹ்யாத்ரி லேட் பிளைட், நூற்புழு இரண்டையும் தாங்குமே என்று கேட்டேன். "விதை கொடு, நடறேன்." ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டும், செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எத்தனை நல்ல ரகம் கண்டுபிடித்தாலும், விதை போதுமான அளவில் தோட்டத்துக்கு வரவில்லையென்றால் விவசாயிக்கு என்ன பயன்? பாலாடா முழுக்க கேரட்டாக மாறிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. களி, அவரைக்கொட்டையும் புதுக் கிழங்கும் போட்ட குழம்பு. கிழங்கு குழையாமல், கடித்ததும் மாவாக உதிர்ந்தது. மழையில் நனைந்து வந்த குளிருக்கு மூன்று தடவை குழம்பு வாங்கிக்கொண்டேன். பணம் நீட்டியதும் அந்த வீட்டு அக்கா கோபித்துக்கொண்டார். முந்தின நாள் டவுனில் ஒரு ஹோட்டலில் ஆறிப்போன பிரியாணிக்கு 280 ரூபாய் அழுதது வயிற்றெரிச்சல்.

சரி, போகிறவர்களுக்கு: பஸ்ஸே போதும், குடையை மறக்காதீர்கள். நிலையத்தைப் பார்க்க முன்பே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். சமையலுக்குக் கிழங்கு வாங்கலாம். விதைக்கிழங்கை நீலகிரியை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு, அந்த நூற்புழுவால்தான். தோட்டத்தில் இறங்கியிருந்தால் செருப்பு, ஷூ மண்ணை அங்கேயே கழுவிவிட்டு பஸ் ஏறுங்கள். முட்டைக்கூடு மண்ணோடுதான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது.