இருபது அடி தூரம்

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. குரோம்பேட்டையிலிருந்து சோழிங்கநல்லூருக்குக் கம்பெனி பஸ். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. ரேடியல் ரோட்டில் குப்பைமேட்டு நாற்றம் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். இனி தினம் மூன்று மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

மிச்சமானதை ஆபீஸ் எடுத்துக்கொண்டது. காலை எட்டரைக்கு ஒரு வீடியோ கால், ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரர்களோடு இன்னொன்று. நடுவில், ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி, 'ஆள் இல்லை' என்று மஞ்சளாகிவிடக் கூடாதே என்று, தாளிக்கிற கரண்டியை வைத்துவிட்டு ஓடிவந்து மவுஸை ஆட்டிவிட்டுப் போவேன்.

"வீட்லதானேம்மா இருக்கே" என்று சிலிண்டர், கொரியர் எல்லாம் என் தலையில். ஆனாலும் அத்தையைக் குறை சொல்ல மனசு வராது. கேமரா ஓடுதா என்று சைகையில் கேட்டு, குனிந்தபடியே வந்து காபி டம்ளரை வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அந்தக் காபிக்கே அவரிடம் எரிந்து விழுந்தேன். மியூட்டில் இருக்கிறேன் என்று நினைத்து. இல்லை.

உடம்பு பிற்பாடுதான் பேசியது. டைனிங் நாற்காலி தந்த கழுத்து வலி தோளுக்கு இறங்கியது. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையை ஏற்றினால் கை அந்தரத்தில், இறக்கினால் கழுத்து குனிவு. தனிக் கீபோர்டு வாங்க வேண்டும் என்று உறைக்கவே இரண்டு வருஷம். வைட்டமின் டி 11. 20க்குக் கீழே என்றாலே குறைபாடாம். "சென்னைல இருந்துக்கிட்டா?" என்று கணவர் சிரித்தார். ஜன்னலோரம்தானே உட்காருகிறேன் என்றேன் டாக்டரிடம். அதற்கு வேண்டிய வெயில் கதிர் கண்ணாடியைத் தாண்டாதாம்.

கண் டாக்டர் சொன்னது வேறு. திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது; 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி எதையாவது, 20 விநாடி பாருங்கள். வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். ஹால் 14 அடி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடச் சுவர், 6 அடி.

அப்போதுதான் பஸ் ஞாபகம் வந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், தண்ணீருக்கு அப்பால் புள்ளி புள்ளியாய்ப் பூநாரைகள். எண்ணி முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். ஆபீஸ் கோபம் எதுவானாலும் பல்லாவரம் வருவதற்குள் ஆறியிருக்கும். இப்போது மேஜையிலிருந்து அடுப்படிக்கு நாலு எட்டு. ஆற எங்கே நேரம்?

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்ப்பேன். மூன்றாம் நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெண், கழுத்தில் ஹெட்செட் தொங்க, அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தளமாம். மூன்று வருஷமாக ஒரே கட்டடம், பார்த்ததே இல்லை.

"உங்களுக்கும் கண்ணாக்கா?" என்றாள்.

"கழுத்தும்" என்றேன்.